காலையில் வலப்புறம், மாலையில் இடப்புறம்

பேருந்தின் சன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிக்கும் கலை நமக்கு மட்டுமே உரியது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். கடந்த ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஒரு சொகுசுக் கப்பலின் 14-ஆம் தளத்தில், காலை ஏழேகால் மணிக்கு நீச்சல் குளத்தருகே போய் நின்றபோது அந்த எண்ணம் கலைந்தது. சூரியன் அப்போதுதான் எழுந்திருந்தது. ஆட்கள் யாருமில்லை. ஆனால் சாய்வு நாற்காலிகள் அனைத்திலும் நீலத் துண்டு கிடந்தது. சிலவற்றில் துண்டுக்குச் சாட்சியாக ஒற்றைச் செருப்பும், ஓரிடத்தில் கண்ணாடி உறை ஒன்றும் இருந்தன. அரை மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் பொருள்கள் அகற்றப்படும் என்று அறிவிப்புப் பலகை எச்சரித்தது. அதன் மேலேயே ஒருவர் துண்டைக் காயப்போட்டிருந்தார்.

அது பயணத்தின் நான்காம் நாள். முதல் நாள் மாலை மரினா பேயில் கப்பல் ஏறினோம். மறுநாள் பிற்பகல் பினாங்கு, அதற்கடுத்த நாள் புக்கெட். புக்கெட்டிலிருந்து சிங்கப்பூர் திரும்ப ஏறத்தாழ 600 கடல் மைல், அதாவது 1,100 கிலோமீட்டர். விமானம் இரண்டு மணி நேரத்துக்குள் கடக்கும் தொலைவுதான். கப்பல் அதற்கு ஓர் இரவு, ஒரு முழுப் பகல், இன்னோர் இரவு எடுத்துக்கொள்கிறது. நடுவில் வரும் அந்தப் பகலில் கரை இறங்க ஊர் கிடையாது. கப்பல்காரர்கள் அதை ‘சீ டே’ என்கிறார்கள். ‘கடல் நாள்’ என்று தமிழில் சொல்லிக்கொண்டேன். பயணத்தைப் பதிவு செய்யும்போதே நான் கணக்குப் போட்டு வைத்திருந்தது இந்த ஒரு நாளைத்தான். பினாங்கும் புக்கெட்டும் என் மனைவிக்கும் மகளுக்கும். கடல் நாள் எனக்கு. எதுவும் செய்யாமல் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும் என்பதே திட்டம்.

எதுவும் செய்யாமல் இருப்பதற்கு அந்தக் கப்பலில் முந்தின இரவே ஒரு கால அட்டவணை கொடுத்துவிட்டார்கள். அறைக்கதவின் இடுக்கில் செருகியிருந்த அந்தத் தாளில் காலை ஏழு மணி யோகாசனம் தொடங்கி நள்ளிரவு நடனம் வரை நாற்பதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் இருந்தன. பொது அறிவுப் போட்டி, துண்டை மடித்து யானை செய்யும் வகுப்பு, பிங்கோ, கைக்கடிகாரத் தள்ளுபடி விற்பனை, சூதாட்டக் கூடத்தில் புதியவர்களுக்கான பயிற்சி. துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலின் கடைகளையும் சூதாட்டக் கூடத்தையும் பெரும்பாலும் மூடி வைக்கிறார்கள். கரையை விட்டு விலகிய பிறகே அவற்றின் விளக்குகள் எரிகின்றன. நாள் முழுவதும் பயணிகள் வேறெங்கும் போக முடியாத கடல் நாள்தான் கம்பெனிக்கு வசூல் நாள். இதில் தவறொன்றும் இல்லை, நாமே காசு கொடுத்து ஏறியிருக்கிறோம். ஆனாலும் மேல்தளத்தில் ஒலிபெருக்கியும், உள்ளே குளிரூட்டிய அங்காடித் தெருவும், சன்னலே இல்லாத கூடங்களுமாக, கடல் என்று ஒன்று வெளியே இருப்பதையே மறக்கச் செய்வதற்கு அந்தக் கப்பல் இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

இடம் கிடைக்காமல் இறங்கி வந்த எனக்கு முதல் நாள் நினைவு வந்தது. கப்பல் கிளம்பும் முன் ஒவ்வொரு பயணியும் ஆபத்துக் காலத்தில் கூடவேண்டிய இடத்துக்குப் போய் முகம் காட்டிவிட்டு வர வேண்டும். ஏழு முறை குறுக்கியும் ஒரு முறை நீட்டியும் சங்கு ஊதினால் அங்கே ஓடி வர வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். எங்களுக்கு ஒதுக்கிய இடம் 5-ஆம் தளத்தில், உயிர்காப்புப் படகுகள் தொங்கும் வெளித்தாழ்வாரம். அங்கே போய்ப் பார்த்தேன். மரப்பலகை வேய்ந்த தரை, உப்புப் படிந்த கைப்பிடிக் கம்பி, தலைக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் படகின் அடிவயிறு. அதில் ‘150 பேர்’ என்ற கணக்கு எழுதப்பட்டிருந்தது. பாட்டு இல்லை, சிற்றுண்டிக் கடை இல்லை, ஆகவே கூட்டமும் இல்லை. கீழே தண்ணீர் வெட்டுப்பட்டு ஒதுங்கும் ஓசை மட்டும் ஒரே சீராகக் கேட்டது. கப்பல் கப்பலாகவே இருந்த ஒரே இடம் அதுதான். என் மாமனார் எனக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு வயது 81. நாகப்பட்டினத்துக்காரர். பதினோரு வயதில், 1955-இல், சிங்கப்பூரில் கடை வைத்திருந்த தம் தந்தையிடம் வந்து சேர்ந்தவர். வந்தது ‘ரஜூலா’ கப்பலில். 1926-இல் கட்டப்பட்டு, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்த கப்பல் அது. அதில் சிலருக்கே அறைகள். மற்றவர்கள் ஆயிரக்கணக்கில் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தார்கள். புக்கெட்டில் எங்கள் பெரிய கப்பல் கரை சேர முடியாமல் படோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் இறக்கியபோது, “நாகப்பட்டினத்திலயும் இப்படித்தான். கப்பல் தூரத்துல நிக்கும், தோணியிலதான் போய் ஏறணும்” என்று அவர் சொன்னார். அதற்கு மேல் ரஜூலாவைப் பற்றி அவர் உருகுவார் என்று எதிர்பார்த்த என் மகள் ஏமாந்தாள். அவருடைய குறையெல்லாம் இந்தக் கப்பலைப் பற்றியது.

“இது ஆடவே மாட்டேங்குதே, மாப்பிள்ளை.”

அவர் சொன்னது உண்மை. எதிரே சிறு மேசையில் வைத்திருந்த தேநீர்க் கோப்பையில் ஒரு நெளிவுகூட இல்லை. இதற்குப் பாதிக் காரணம் கப்பல், மீதிக் காரணம் கடல். நீருக்கடியில் இரு பக்கமும் மீனின் துடுப்புகள்போல் நீளும் இறக்கைகள் உருளலைத் தணிக்கின்றன. முன்னாளில் எந்திர அறையிலிருந்து நீண்ட தண்டு ஒன்று சுழன்று பின்புறச் சுழலியைத் திருப்பும். அதன் அதிர்வு கப்பல் முழுக்கப் பரவும். இப்போது பல கப்பல்களில் டீசல் எந்திரங்கள் மின்சாரம் மட்டும் எடுக்க, அந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்கள் வெளியே அடிவயிற்றில் கூடுபோலத் தொங்கியபடி சுழலிகளைச் சுற்றுகின்றன. இவற்றோடு இந்த மலாக்கா நீரிணையும் சேர்ந்துகொள்கிறது. ஒருபுறம் சுமத்ராவும் மறுபுறம் மலாயாத் தீபகற்பமும் சுவர்போல் நிற்க, வங்கக்கடலின் அலை உள்ளே வருவதற்குள் தேய்ந்து போகிறது. “பினாங்கு கிட்டத்துல வந்ததும்தான் எனக்கு வாந்தி நின்னுச்சு” என்று மாமாவே ஒத்துக்கொண்டார். ஆனால் ஆடாத கப்பலில் போவதைப் பயணம் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை.

நாங்கள் உட்கார்ந்தது வலப்புறத் தாழ்வாரம். அதை அவர்தான் தேர்ந்தெடுத்திருந்தார். கப்பல் தென்கிழக்காகப் போகிறது. காலை வெயில் இடப்புறத்தில் விழும், வலப்புறம் நிழல். பிற்பகலில் இது மாறும். 14-ஆம் தளத்தில் துண்டு போட்டவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போடவில்லை போலும், பத்து மணிக்குமேல் அவர்களில் பாதிப் பேர் வெந்து எழுந்து போனதாக மகள் வந்து சொன்னாள்.

முதல் ஒரு மணி நேரம் எனக்குச் சரியாக வாய்க்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கப்பலின் இணையக் கட்டணத்தைப் பார்த்து வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தேன். ஆயினும் தொலைபேசி எப்போதாவது எந்த நாட்டுக் கோபுரத்தின் அலையையோ பிடித்துவிட்டு, இந்தோனேசியாவுக்கு நல்வரவு என்று ஒரு செய்தியைக் காட்டும். அடுத்த நிமிடம் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் ஒட்டிக்கொண்டு, பேசினால் எவ்வளவு ஆகும் என்று மிரட்டும். மணியும் குழப்பியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓட, தொலைபேசி மட்டும் ஒரு மணி நேரம் பின்தங்கித் தாய்லாந்தில் நின்றது. கடைசியில் அதை அணைத்து அறைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். அறையில் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். ஏறத்தாழ பதினொரு மணி. அந்தக் கப்பலில் ஓய்வெடுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

திரும்பி வந்து உட்கார்ந்தபின் கடலைப் பார்ப்பது ஓரளவு பிடிபட்டது. முதலில் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பாகத்தான் தெரிகிறது. நீர்மட்டத்திலிருந்து பதினைந்து மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் 14 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். அவ்வளவு அகலமான வெறுமைக்குக் கண் பழக வேண்டும். பழகியதும் அருகில் இருப்பவை ஒவ்வொன்றாகத் தென்படத் தொடங்கின. நீரின் நிறம் நான் நினைத்த நீலம் இல்லை. பாசிப் பச்சையில் சிறிது மண்ணைக் கரைத்தது போன்ற நிறம். சுமத்ராவின் ஆறுகள் இழுத்து வந்திருக்கக்கூடிய ஒரு மட்டை, அதன்மேல் ஒற்றைக் காலில் நின்ற வெள்ளைப் பறவை. வலையின் இருப்பைக் காட்டும் கறுப்புக் கொடி கட்டிய மிதவை. பிறகு, கப்பலின் மூக்கு கிழித்த அலையிலிருந்து தெறித்த துளி என்று நான் நினைத்தது கீழே விழாமல் பறந்தது. பறவைக்கோலா மீன். விரல் நீளம்தான் இருக்கும். துடுப்புகளை விரித்துக்கொண்டு நீருக்கு ஒரு சாண் மேலே முப்பது, நாற்பது மீட்டர் போய், வாலால் ஒரு முறை நீரைத் தட்டி, மறுபடியும் எழும்பிப் போனது. அதன் பின்னே இன்னும் ஏழெட்டு. கப்பலைத் தங்களை விரட்டும் பெரிய மீன் என்று அவை கருதுகின்றன போலும். எண்ணத் தொடங்கி, நாற்பத்துமூன்றில் எண்ணிக்கை தவறி, மறுபடியும் எண்ணத் தொடங்கினேன். நிமிர்ந்து பார்த்தபோது மதிய உணவு நேரம் வந்திருந்தது.

கடாரத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் தமிழில் யாரும் இந்தக் கடலைக் கடப்பதில்லை. இன்றைய கெடாவின் நேரே நாங்கள் கடந்திருக்க வேண்டியது அதிகாலையில். அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மதிய உணவைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் தட்டேந்தி நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இட்லி இருந்தது, சாம்பார் இனித்தது. ஆனால் அங்கே எங்கள் மேசையைத் துடைக்க வந்த இளைஞரிடம் பேசியது அந்த நாளில் எனக்குக் கிடைத்த முக்கியமான விஷயம். சட்டையில் இருந்த பெயரைப் பார்த்து மாமா தமிழில் பேச, அவர் கன்னியாகுமரி மாவட்டம் என்று சொன்னார். எட்டு மாத ஒப்பந்தம். ஏழாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. வார விடுமுறை என்று ஒன்று கிடையாது. கடல் தொழிலாளர்களுக்கான 2006-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையின்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தரப்பட வேண்டும். அந்தக் கணக்கு தன்னளவில் ஒழுங்காகவே நடக்கிறது என்றார். “ஆனா சார், உங்களுக்கு இன்னைக்கு ரெஸ்ட்டு. எங்களுக்கு இன்னைக்குத்தான் நிமிர முடியாது. ஊர்ல நின்னா பாதிப் பேர் இறங்கிப் போயிருவீங்க, நாங்க கொஞ்சம் மூச்சு விடுவோம்.” இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மாமாவைப் பார்த்து, “ஐயாவுக்குத் தயிர் சாதம் வேணுமா? அட்டவணையில இருக்காது, கேட்டுப் பார்க்கிறேன்” என்று உள்ளே போய், பத்து நிமிடத்தில் ஊறுகாயுடன் கொண்டு வந்து வைத்தார்.

அதன் பிறகு அன்றைய தினத்தை ‘எதுவும் செய்யாத நாள்’ என்று எனக்குள் சொல்லிக்கொள்வது கடினமாகிவிட்டது. நான் குளித்த நீரைக்கூடக் கடலிலிருந்து உப்பு நீக்கி யாரோ காய்ச்சியும் வடிகட்டியும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குற்ற உணர்ச்சி என்று அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். மாலையில் இன்னொரு காப்பி கொண்டு வரச் சொல்லலாமா என்று யோசித்து, நானே எழுந்து போய் எடுத்து வந்தேன். அவ்வளவுதான்.

பிற்பகலில் மாமா இடம் மாறினார். இடப்புறத்துக்கு நிழல் வந்திருந்தது என்பது மட்டும் காரணமில்லை. மலாக்கா நீரிணை வடக்கே 250 கிலோமீட்டர் அகலம் கொண்டது. தெற்கே வரவர ஒடுங்கி 65 கிலோமீட்டராகிறது. சிங்கப்பூரை நெருங்கும்போது ஓரிடத்தில் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கும் சீனத்துக்கும் இடையே போகும் கப்பல்களில் பெரும்பாலானவை இந்தப் புனலுக்குள்தான் வருகின்றன என்பதால், நெடுஞ்சாலைபோல் போகும் தடம், வரும் தடம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் தமிழ்நாட்டிலும் நாம் சாலையில் இடப்புறம் போகிறோம். கடலிலோ வலப்புறம் போக வேண்டும். ஆகவே தெற்கே போகும் நாங்கள் சுமத்ரா பக்கமாக ஒதுங்கிப் போக, எதிரே வருபவை அனைத்தும் எங்கள் இடப்புறமாகவே கடந்தன. நிழலும் வேடிக்கையும் ஒரே பக்கத்தில் சேர்ந்த பிற்பகல்.

கப்பல்களைப் பார்ப்பதில் எனக்குத் தெரியாத ஒன்றை அவர் அன்று காட்டினார். எங்களுக்கு இணையாகத் தெற்கே போன எண்ணெய்க் கப்பல்கள் நீருக்குள் ஆழ்ந்து, தளம் மட்டும் தெரிகிற அளவுக்குத் தாழ்ந்திருந்தன. எதிரே வந்தவையோ உயர்ந்து நின்று, வழக்கமாக நீருக்குள் மறைந்திருக்கும் சிவப்புச் சாயம் பூசிய அடிப்பகுதியை வெளியே காட்டிக்கொண்டு வந்தன. “அந்தப் பக்கம் போறதுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு, இந்தப் பக்கம் வர்றதுக்கு வயிறு காலி” என்றார். வளைகுடாவின் எண்ணெயைச் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பும் கப்பல்கள் அவை. நிறைந்த பெரிய எண்ணெய்க் கப்பல் இருபது மீட்டர் வரை நீரில் அமிழும். நீரிணையின் சில பகுதிகளில் ஆழமே இருபத்தைந்து மீட்டருக்குள்தான். அடியில் மூன்றரை மீட்டராவது இடைவெளி விட்டுப் போக வேண்டும் என்று அவற்றுக்கு விதி இருக்கிறது. பதினாறு மாடி உயரத்துக்கு நிற்கும் எங்கள் கப்பலோ எட்டு, ஒன்பது மீட்டர் ஆழத்துக்கு மேல் அமிழாது. உயரத்தைப் பார்த்து எடை போடக் கூடாது போலிருக்கிறது.

ஐந்து மணிக்குமேல், போர்ட் கிள்ளானுக்கு அப்பால் கடல் நடுவே கால் ஊன்றி நிற்கும் ஒரு கலங்கரை விளக்கத்தைக் கடந்தோம். தீவு இல்லை, பாறை இல்லை. மணல்திட்டின்மேல் தூண்கள் நட்டு எழுப்பியது. ஆங்கிலத்தில் ஒன் ஃபாதம் பேங்க், மலாயில் பெர்மாத்தாங் செடெப்பா. இரண்டும் ஒரே பொருள்தான்: ‘ஒரு பாகம்’. பாகம் என்றதும் மாமா தம் இரு கைகளையும் சிலுவைபோல் விரித்துக் காட்டினார். விரித்த கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி. நாகப்பட்டினத்து மீனவர்கள் இன்றும் கடலாழத்தைப் பாகத்தில்தான் சொல்கிறார்கள். மலாய்க்காரர்களின் ‘டெப்பா’வும் அதே விரித்த கைதான். கைப்பிடிக் கம்பியருகே கையை விரித்துக்கொண்டு ஒரு கிழவர் நிற்பதைப் பார்த்து, அங்கே நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்த ஓர் இளம் இணை சிரித்துவிட்டு, தாங்களும் அப்படியே நின்று படம் எடுத்துக்கொண்டு போனது.

ஏழேகால் மணியளவில் சூரியன் சுமத்ரா பக்கம் இறங்கியது. அதைப் பார்க்க மேல்தளத்தில் கூட்டம் நெரிந்ததாகக் கேள்வி. நாங்கள் எதிர்ப்பக்கத்தில் இருந்ததால் கிழக்கே இருட்டு வருவதைப் பார்த்தோம். எதிரே வந்த கப்பல்கள் ஒவ்வொன்றாக உருவம் இழந்து, ஒரு வெள்ளை விளக்கும் அதைவிட உயரத்தில் இன்னொரு வெள்ளை விளக்கும், எங்கள் பக்கம் ஒரு சிவப்பு விளக்குமாக மாறின. மணி எட்டாகும்வரை நாங்கள் இருவரும் ஏறக்குறைய எதுவும் பேசவில்லை. அந்த முக்கால் மணி நேரம்தான் நான் காசு கொடுத்து வாங்கிய பொருள் என்று நினைக்கிறேன்; அதற்கு முந்தைய பத்து மணி நேரம் அதற்கான முன்பணம்.

இரவு பதினொரு மணிக்குள் பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்பது கடைசி இரவின் விதி. மறுநாள் காலை இறங்கும்போது அவை முனையத்தில் வரிசையாகக் காத்திருக்கும். நானும் மனைவியும் மகளின் ஈர நீச்சல் உடைகளோடு போராடிக்கொண்டிருக்க, அடுத்த அறையில் மாமா தம் பெட்டியைத் தாமே நேர்த்தியாக அடுக்கி, நிறச் சீட்டைக் கட்டி, பத்து மணிக்கே வெளியே வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

விடிவதற்கு முன் ஐந்தரை மணிக்கு நான் எழுந்து 5-ஆம் தளத்துக்குப் போனேன். சிங்கப்பூர் நெருங்கிவிட்டது, நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் ஒரு நகரம்போல் சுற்றிலும் எரிந்துகொண்டிருந்தன. 1855 முதல் எரியும் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் சீரான இடைவெளியில் மின்னியது. கைப்பிடியருகே வெள்ளை வேட்டி ஒன்று காற்றில் படபடத்தது.

“என்ன மாமா, வேட்டியோட வந்துட்டீங்க?”

“கால்சட்டை எல்லாம் பெட்டியில போயிடுச்சு, மாப்பிள்ளை” என்றார் அவர், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். “எதுக்கு, இறங்கவா விடமாட்டான்?”